குந்திக்கொண்ட வண்டியும் 44 மூட்டையும்

நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். செங்குன்றம் மண்டியில் அரிசி ஏற்றிக்கொண்டு விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால், தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து பேராவது கையை நீட்டித் திட்டிவிட்டுப் போவார்கள். பல்பு சரியில்லை என்று நினைத்து மாற்றினேன். அப்புறம் ஹெட்லைட் செட்டையே மாற்றினேன். திட்டு நிற்கவில்லை. பல்பில் என்ன இருக்கிறது? லோடு ஏறியதும் வண்டியின் பின்பக்கம் குந்திக்கொள்கிறது, முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது. வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் போய் விழாமல் வேறெங்கே விழும்?

இது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லோடோடு போகும்போது ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. அதை நான் வண்டியின் பெருமையாக நினைத்து நண்பர்களிடம் வேறு சொல்லியிருக்கிறேன். முன்சக்கரத்தில் எடையே இல்லாததால்தான் அந்த லேசு என்று அப்போது தெரியாது.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிக்கப். ஆர்.சி.யில் காலி எடை 1,690 கிலோ, மொத்த எடை 2,990 கிலோ. பின்னால் இரண்டே டயர், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங், அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய கட்டு. நான் ஏற்றியது 60 மூட்டை. மூட்டை என்றால் 25 கிலோ என்று பழைய கணக்கிலேயே இருந்தேன். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்ததும், மில்காரர்கள் 26 கிலோவாகக் கட்ட ஆரம்பித்தார்கள் இல்லையா? மூட்டைக்கு ஒரு கிலோதானே என்று விட்டுவிட்டேன். 60 மூட்டைக்கு அது 60 கிலோ. ஒரு ஆளை மூட்டைமேல் உட்கார வைத்துக் கூட்டிப்போவது மாதிரி.

முதல் தப்பு இங்கேதான் செய்தேன். மதுரவாயல் தாண்டி பைபாஸில் ஒவ்வொரு பால இணைப்பிலும் அடியில் "டங், டங்" என்று சத்தம் வந்தது. குனிந்து பார்த்தால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குக் கீழே இருக்கிற பம்ப் ஸ்டாப்பர் ரப்பர் இரண்டும் நசுங்கிக் கிழிந்திருந்தன. பின்சக்கரங்களை இணைக்கிற ஆக்ஸில் நேராகச் சேஸிஸில் போய் இடிக்கிறது. வழியில் இருந்த ஒரு பட்டறையில் நிறுத்தினேன். அங்கே யாரும் எடையும் கேட்கவில்லை, அளவும் எடுக்கவில்லை. "ரெண்டு பிளேட் போட்டா கல்லு மாதிரி நிக்கும்" என்றார்கள். பழைய லாரிப் பட்டையை அறுத்து, பக்கத்துக்கு ஒன்றாக அடியில் சேர்த்து, பட்டைகளை ஆக்ஸிலோடு கட்டிப் பிடிக்கிற யூ போல்ட்டில் பழையதையே திரும்ப மாட்டி அனுப்பிவிட்டார்கள். ஒரு மணி நேர வேலை.

நின்றது என்னவோ கல்லு மாதிரிதான். லோடு இருக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. தாம்பரத்தில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் தெரிந்தது. சின்ன வேகத்தடைக்கே பின்பக்கம் எகிறிக் குதித்தது. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்த மாதவரம் பக்கம் வரும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே நானும் குதித்தேன். இரண்டு வாரத்தில் டெயில் லைட் பல்பு மூன்று போனது. டிக்கியின் கீல் வெல்டிங் விட்டது. அதெல்லாம் சில்லறைச் செலவு, போகட்டும். பெரிய விஷயம் பிரேக்.

புழல் பக்கம் ஒரு மழை நாளில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. மிதித்தேன். மூக்கு அப்படியே குனிந்தது, மூட்டையெல்லாம் கேபின் சுவரில் வந்து சாய்ந்தது, வண்டி நிற்கவில்லை. கடைசி நேரத்தில் இடப்பக்கம் ஒடித்துத் தப்பித்தேன். முன் பிரேக் பேட் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. பின் பிரேக்கைப் பிரித்தால் லைனிங் புதுசு போல இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் மாதவரம் பக்கம் பட்டை வேலை செய்கிற ஒரு பாயைத் தேடிப் போனேன். போர்டு கிடையாது. ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே துருப்பிடித்த பட்டைகள் அடுக்கி வைத்திருக்கும், நடுவில் ஒரு பட்டடை. பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே சிரித்தார்.

"இன்னா தம்பி, கிடா முட்ட வர்ற மாதிரி குனிஞ்சிகினு கீது?"

60 மூட்டை ஏற்றுவேன் என்றேன்.

"மூட்டைக் கணக்கு எனக்கு எதுக்கு? எடை சொல்லு. மொத்தமா இல்ல, முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு சொல்லு. நாளைக்கு லோடோட எடைமேடைக்குப் போய்ட்டு சீட்டு எடுத்துக்கினு வா. அதுக்கு முன்னாடி நான் ஸ்பானரத் தொட மாட்டேன்."

இந்த ஒரு வேலையை நான் முதலிலேயே செய்திருக்கலாம். எடைமேடையில் வண்டியை முழுசாக ஏற்றி ஒரு எடை. பிறகு முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி ஒன்று. பின்சக்கரம் மட்டும் நிற்கும்படி இன்னொன்று. மேடையும் வெளித்தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், பிரேக் பிடிக்காமல் நியூட்ரலில் விட வேண்டும், அவ்வளவுதான். என் சீட்டில் மொத்தம் 3,380 என்று வந்தது. முன்னால் 980, பின்னால் 2,400. காலி வண்டியில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தாலே முன்னால் ஆயிரத்தைத் தாண்டும். 60 மூட்டை ஏற்றிய பிறகு முன்பக்கம் எடை குறைந்திருக்கிறது! மூட்டைகளைப் பின்கதவு வரைக்கும் அடுக்கியதால் பாரம் ஆக்ஸிலுக்குப் பின்னால் போய், சீசாப் பலகை மாதிரி மூக்கைத் தூக்கிவிட்டது.

பாய் சீட்டைப் பார்த்துவிட்டுப் பட்டையைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார். டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். என் டயரில் 107. அந்த எண்ணுக்கு ஒரு டயர் தாங்கும் எடை 975 கிலோ. 108 என்றால் 1,000, 104 என்றால் 900, இப்படி ஒரு அட்டவணை உண்டு. டயரில் குறித்திருக்கிற முழுக் காற்றும் இருந்தால்தான் அந்தக் கணக்கு. ஆக என் பின் டயர் இரண்டும் சேர்ந்து 1,950 கிலோ. நான் வைத்தது 2,400.

"பட்டையை நான் இரும்புக் கம்பம் மாதிரி ஆக்கித் தர்றேன் தம்பி. வண்டி நேரா நிக்கும். டயர் வெடிக்கும். பரவால்லியா?"

இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினால் வண்டியின் உயரம் திரும்பும். ஆர்.சி.யில் இருக்கிற எடை ஒரு கிலோகூட ஏறாது. டயர், ரிம், ஆக்ஸில் பேரிங், பிரேக் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன. வண்டி குந்துவது ஒருவகையில் நமக்குத் தெரியும்படி அது போடும் கூச்சல். தடித்த பட்டை போட்டு அந்த வாயைத்தான் அடைக்கிறோம். சட்டமும் இதில் இளகாது. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000, அதிகப்படியை இறக்குகிற செலவும் நம்முடையது. பிற்பாடு மொத்த ஸ்பிரிங் வேலைக்கும் எனக்கு அந்த 20,000 ஆகவில்லை.

சரி, பழைய வேலையைப் பிரித்துப் பார்ப்போம் என்று ஜாக்கி வைத்தார். யூ போல்ட்டைக் கழற்றியதும் சென்டர் போல்ட் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. பட்டைகளையெல்லாம் கோத்துப் பிடிக்கிற போல்ட் அது. அதன் தலை ஆக்ஸிலில் இருக்கிற குழியில் உட்கார்ந்து ஆக்ஸிலை இடம் மாறாமல் வைத்திருக்கும். ஆனால் பாரத்தைத் தாங்குகிற வேலை அதனுடையது அல்ல. யூ போல்ட் இறுக்கமாகக் கட்டிப் பிடித்திருக்கும்வரைதான் அது பிழைக்கும். யூ போல்ட் தளர்ந்தால் முழு இழுப்பும் அதன்மேல் விழுந்து வெட்டிக்கொள்ளும். என் வண்டியில் பழைய யூ போல்ட்டையே மாட்டியிருந்தார்கள், பட்டை சேர்ந்ததால் நீளமும் போதவில்லை, நட்டு கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்க ஆக்ஸில் ஒரு விரல் பின்னால் நகர்ந்திருந்தது. நேர் ரோட்டில் வண்டி நண்டு மாதிரிப் போவதாகப் பின்னால் பைக்கில் வந்த என் தம்பி ஒருநாள் சொன்னான். நான்தான் அலைன்மென்ட் என்று சமாதானம் செய்துகொண்டேன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சேர்த்த லாரிப் பட்டையில் ஓரமாக மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. இது எனக்கு ஆச்சரியம். அந்தப் பட்டைக் கட்டிலேயே தடித்தது அதுதான், அது எப்படி முதலில் விரியும்? வண்டியின் பட்டைகள் 8 மில்லி, இது 11 மில்லி. நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் மடியில் ஏறும். எட்டும் பதினொன்றும் பார்க்கப் பக்கம் பக்கமாகத் தெரிகின்றன. கணக்குப் போட்டால் ஒரு 11 மில்லி பட்டை இரண்டரைக்கும் மேற்பட்ட 8 மில்லி பட்டைகளுக்குச் சமம். காலி வண்டி குதித்ததன் காரணம் அது. எல்லாப் பட்டைகளும் சேர்ந்தே வளைவதால், ஒரே வளைவுக்குத் தடித்த பட்டையின் மேல்தோல்தான் அதிகம் இழுபடும். அதனால் பாரத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு அதுவே முதலில் உடைகிறது. பாய்க்கு மூன்றாம் மடி தெரியாது. "ஒரு நூல் தடிமன் ஏறுனா ரெண்டு ஆள் பலம் ஏறும், அந்த ரெண்டு ஆளும் காலி வண்டில சும்மா இருக்க மாட்டானுங்க" என்றார். நூல் என்றால் எட்டில் ஒரு இன்ச். கணக்கு கிட்டத்தட்ட சரி.

பழைய பட்டையையே அடித்து வளைவு ஏற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்டேன். செலவு குறையுமே. குளிரிலேயே சுத்தியலால் அடித்து ஏற்றுகிற வளைவு சில மாதத்தில் மறுபடி படுத்துவிடும் என்றார். முறையாகச் சூடேற்றி, எண்ணெயில் குளிர வைத்து, மறுபடி பதம் பார்க்கிற உலை தன்னிடம் இல்லை என்று நேராகவே சொன்னார். தன்னால் முடியாததைச் சொல்கிற பட்டறைக்காரரை நம்பலாம் என்பது என் கட்சி.

ஸ்பிரிங்குக்குத் துணையாகப் போடுகிற ஏர் பேக்கும் விசாரித்தேன். சென்னை பாடியில் இருக்கிற வீல்ஸ் இந்தியா கம்பெனியில் பேருந்துகளுக்கான ஏர் சஸ்பென்ஷனே செய்கிறார்கள், நம் ஊருக்குப் புதுசில்லை. பிக்கப்புக்குப் போடுகிறது சின்ன வகை: பட்டை அப்படியே இருக்க, ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு காற்றுப் பை. லோடுக்குத் தகுந்த மாதிரி காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், காலியில் குதிக்காது. ஒருநாள் பாரம், ஒருநாள் காலி என்று ஓடுகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு பையையும் ஒரே குழாயில் T வடிவ மூட்டு போட்டு இணைக்கக் கூடாது. வளைவில் வண்டி சாயும்போது அழுத்தப்படுகிற பையிலிருந்து காற்று எதிர்ப்பக்கப் பைக்கு ஓடி, சாய்வை இன்னும் கூட்டிவிடும். பக்கத்துக்கு ஒரு குழாய், ஒரு வால்வு. பையில் கொஞ்சமாவது காற்று எப்போதும் இருக்க வேண்டும். சுத்தமாக இறங்கிய பையோடு ஓட்டினால் ரப்பர் மடிந்து அறுந்துவிடும். நான் போகும் ரோட்டில் கல்லும் சேறும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அடிக்கிற அடிக்கு, தினமும் குனிந்து காற்றுப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. வேண்டாம் என்று விட்டேன்.

கடைசியில் செய்தது ஒன்றும் புதுமையான வேலை இல்லை. இரண்டு பக்கமும் கம்பெனி அளவிலேயே புதுப் பட்டைக் கட்டு. பழைய கட்டு எத்தனை வருடம் யாருடைய பாரத்தைச் சுமந்ததோ, வளைவே இல்லாமல் ஸ்கேல் மாதிரி நேராகிக் கிடந்தது. புதுசோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. என் குறையில் பாதி அதுதான், பலம் போதாமை இல்லை. புதுக் கட்டின்மேல் ஹெல்பர் என்கிற துணைப் பட்டைக் கட்டு ஒன்று. ஹெல்பரின் சூட்சுமம் என்னவென்றால், காலி வண்டியில் அது எதையும் தொடக் கூடாது. அதன் இரு முனைக்கும் மேலே சேஸிஸில் இருக்கிற பிராக்கெட்டுக்கும் நடுவில் கட்டைவிரல் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். பாரம் ஏறி வண்டி இறங்கும்போதுதான் போய்த் தொட்டு வேலைக்கு வர வேண்டும். முதல் பட்டறையில் சேர்த்த பட்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இவ்வளவுதான். அது எந்நேரமும் வேலை செய்தது, இது அழைத்தால் மட்டும் வருகிறது.

எப்போது தொடுகிறது என்று பார்க்க பாய் தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, பிராக்கெட்டின் அடியில் சுண்ணாம்பைத் தடவிவிட்டார். மண்டியில் மூட்டை ஏற ஏற நான் கீழே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோடுமேன்கள் எல்லாருக்கும் வேடிக்கை. 28-ஆவது மூட்டையில் இடப்பக்கப் பட்டை முனையில் வெள்ளை ஒட்டியது, 30-ல் வலப்பக்கம். டிரைவர் பக்கம் எப்போதுமே ஒரு சொட்டு முன்பின் இருக்கும் என்றார் பாய்.

ஷாக் அப்சர்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து கிடந்ததால் ஜோடியாக மாற்றினோம். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஆட்டத்தை நிறுத்தாது, நிறுத்துகிறது ஷாக்தான். பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கிற ஷேக்கிளின் புஷ்களும் புதுசு. ரப்பர் புஷ் போட்டால் அதன் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி நான்கு காலில் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று, சீக்கிரமே கிழியும். யூ போல்ட் நான்கும் புதுசு, சரியான நீளம், குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரு வாரம் லோடு அடித்துவிட்டு வரச் சொன்னார். போனபோது ஒவ்வொரு நட்டும் கால் சுற்று வாங்கியது. புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காருவதால் அப்படி ஆகும். இந்த இரண்டாவது இறுக்கலுக்குத் திரும்பிப் போகாதவர்கள்தான் பெரும்பாலும் சென்டர் போல்ட்டை உடைத்துக்கொள்கிறார்கள்.

பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. சேஸிஸில் ஆக்ஸிலுக்கு மேலே ஒரு சின்ன வால்வு, அதிலிருந்து ஆக்ஸிலுக்கு ஒரு கம்பி போகும். மெக்கானிக்குகள் லோடு வால்வு என்பார்கள், எல்.எஸ்.பி.வி. என்றும் சொல்வதுண்டு. பாரம் ஏறிச் சேஸிஸ் இறங்கினால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளி, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் குறைத்துவிடும், இல்லையென்றால் ஈரமான ரோட்டில் பின்சக்கரம் லாக் ஆகிப் பின்பக்கம் சுற்றிக்கொள்ளும். லாரிப் பட்டையால் என் வண்டி 60 மூட்டையோடும் உயர்ந்தே நின்றதால், அந்த வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. புழலில் நான் மிதித்த மிதி முழுக்க முன்சக்கரத்துக்குப் போனதன் ரகசியம் இதுதான். பட்டையில் கை வைத்த ஒவ்வொரு முறையும் இந்தக் கம்பியைக் கம்பெனி சொல்லும் அளவுக்குத் திரும்ப வைக்க வேண்டும். பாய் இதில் தொடவில்லை. பிரேக் வேலை தெரிந்தவரிடம் அனுப்பினார். சிலர் இந்தக் கம்பியை எப்போதும் முழு லோடு நிலையில் இருக்கும்படி கட்டுக்கம்பியால் கட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சென்னையில் முதல் மழைக்குக் காலி வண்டியோடு பாலத்தில் இறங்கும்போது அதன் பலனைத் தெரிந்துகொள்வார்கள்.

இப்போது 44 மூட்டைதான். கேபின் சுவரை ஒட்டி முன்னாலிருந்து அடுக்குகிறோம், பின்கதவுப் பக்கம் இரண்டடி காலியாக விடுகிறோம். புதுச் சீட்டில் மொத்தம் 2,960, முன்னால் 1,130, பின்னால் 1,830. ஸ்டீயரிங் கனம் வந்துவிட்டது. யாரும் லைட் அடிப்பதில்லை. 16 மூட்டை குறைந்ததில் மண்டிக் கணக்குப்பிள்ளைக்குக் கோபம். வாரத்தில் இரண்டு நாள் கூடுதல் நடை அடித்து ஈடு செய்கிறேன், டீசல் போக மிச்சம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான். டயர் செலவு குறைந்ததை வருடக் கடைசியில்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கழற்றிய 11 மில்லி பட்டை இரண்டும் வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்தன. திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த மாமா பார்த்ததும் விடவில்லை. லாரிப் பட்டையில் அடிக்கிற அரிவாள் மாதிரி வராது என்று, விரிசல் இல்லாத ஒன்றைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். பொங்கலுக்கு வரும்போது எங்களுக்கும் ஒன்று, தேங்காய் வெட்ட.